கம்பிக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர்?

வீட்டு பிளான் கைக்கு வந்ததும் நம்மவர்கள் முதலில் தேடுவது வாசல் எந்தப் பக்கம், சமையலறை அக்னி மூலையில் இருக்கிறதா என்பதைத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காரைக்கால் மாதிரியான கடலோர ஊரில் ஒரு கான்கிரீட் வீடு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் வரிகள் வேறொரு தாளில் இருக்கின்றன. ஸ்ட்ரக்சுரல் டிராயிங் என்கிற அந்தத் தாளின் ஓரத்தில், ‘பொதுக் குறிப்புகள்’ என்ற தலைப்பின் கீழ், பொடி எழுத்தில் அவை இருக்கும். பணம் போடுகிறவர்களில் பலர் அந்தத் தாளைப் பார்ப்பதே இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் முடிந்த கான்ட்ராக்டுகளில் அப்படி ஒரு தாளே இருக்காது. வரைபடத்தைப் படிப்பது இன்ஜினியர் வேலை என்று ஒதுங்கிவிடுகிறவருக்குப் பின்னால் புகார் சொல்லவும் ஆதாரம் இருக்காது. ஆகவே, வரைபட வாசிப்பை நான் ஒரு நுகர்வோர் உரிமையாகப் பார்க்கிறேன்.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பட்டினச்சேரியிலோ கிளிஞ்சல்மேட்டிலோ கோட்டுச்சேரிமேட்டிலோ கடற்காற்று கொண்டுவரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கி ஒரு நாள் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி தன் பழைய பருமனைவிடப் பெருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கூரையிலிருந்து சில்லு சில்லாகப் பெயர்ந்து விழுவது இதன் விளைவு. கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே இருக்கும் கான்கிரீட்டின் கனத்தைத்தான் ‘கவர்’ என்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 தரவிதி, கட்டடம் நிற்கும் சூழலை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கடலோரச் சூழலுக்கு ஆட்பட்ட கான்கிரீட் மூன்றாவதான ‘கடுமையான’ வகையில் வருகிறது. உள்நாட்டின் ‘லேசான’ சூழலுக்கு 20 மி.மீ. கவரும் எம்20 தரக் கான்கிரீட்டும் போதும் என்கிற அதே விதி, இந்த வகைக்கு 45 மி.மீ. கவரும் எம்30 கான்கிரீட்டும் கேட்கிறது. கடல்நீர்த் திவலை நேரே படும் இடமென்றால் 50 மி.மீ., எம்35. உப்பு ஊடுருவ எடுக்கும் காலம் கவரின் இருமடி விகிதத்தில் கூடும் என்பது பொதுவான கணக்கு. அதே தரமுள்ள கான்கிரீட்டில் கவர் இரண்டு மடங்கானால் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். தஞ்சாவூரில் போட்ட பிளானை எடுத்துவந்து இங்கே கட்டினால் அறைகள் அப்படியே பொருந்திவிடும், ஓரத்தில் இருக்கும் அந்தக் குறிப்புதான் பொருந்தாது.

படிப்பது எப்படி? தரைப்படம் என்பது சன்னல் மட்டத்தில் வீட்டைக் கிடையாக வெட்டி மேலிருந்து பார்ப்பது. அது அறைகளைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. உயரத்துக்கு ‘செக்‌ஷன்’ என்கிற வெட்டுப்படத்தைப் பார்க்க வேண்டும். அரசலாறும் திருமலைராஜனாறும் கடலில் கலக்கும் சமவெளியில் அடித்தளத்தின் மேல்மட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம் என்ற ஒற்றை எண், முகப்பு அழகைவிடப் பெறுமதியானது. எந்தத் தாளிலும் வலது கீழ் மூலையில் உள்ள கட்டத்தில் சர்வே எண், அளவுகோல், திருத்த எண், தேதி ஆகியவை இருக்கும். மேஸ்திரி கையில் இருக்கும் தாளும் உங்களிடம் இருக்கும் தாளும் ஒரே திருத்த எண் கொண்டவையா என்று பாருங்கள். எழுதியிருக்கும் அளவே செல்லும். ஜெராக்ஸ் எடுக்கையில் தாள் சுருங்கியிருக்கலாம் என்பதால் ஸ்கேல் வைத்து அளந்து முடிவெடுக்கக் கூடாது. கம்பிக் குறிப்புகளும் பயமுறுத்தும் அளவுக்குக் கடினமானவை இல்லை. தூணுக்கு எதிரே ‘8–16’ என்றிருந்தால் 16 மி.மீ. கம்பி எட்டு. ‘8 மி.மீ. @ 150 சி/சி’ என்றால் 8 மி.மீ. கம்பியை, ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 150 மி.மீ. இடைவெளியில் கட்ட வேண்டும், அதாவது ஏறக்குறைய ஆறு அங்குலம். அதையே எட்டு அங்குலமாகக் கட்டினால் ஸ்லாபில் அந்தத் திசையில் கால்வாசிக் கம்பி குறைந்துபோகிறது. ஒரு டேப் இருந்தால் இதை யாரும் கண்டுபிடித்துவிடலாம், கான்கிரீட் போடுவதற்கு முன்னால் மட்டும்.

வரைபடத்தைவிட அதிகம் ஏமாற்றுவது வார்த்தை. எஸ்டிமேட்டோடு வரும் விவரக்குறிப்பில் ‘நல்ல தரமான கம்பி’, ‘முன்னணி பிராண்டு சிமென்ட் அல்லது அதற்கு இணையானது’ என்றெல்லாம் எழுதியிருந்தால் ஒன்றுமே எழுதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இணையானது என்று யார் முடிவு செய்வார்? கம்பிக்கு ஐ.எஸ். 1786, எஃப்.இ. 500டி; கான்கிரீட்டுக்கு எம்30; கவருக்கு மில்லிமீட்டர்; இப்படி எண்ணாக எழுதியதை மட்டுமே பின்னால் சரிபார்க்க முடியும். கலவைத் தண்ணீரைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது தரவிதி. உவர்த்தண்ணீர் வரும் போரிலிருந்து கலவை போட்டால் கடற்காற்று வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உப்பை நாமே கம்பி மேல் ஊற்றிவிடுகிறோம். நில அளவிலும் கவனம் வேண்டும். புதுச்சேரி பத்திரத்தில் ஹெக்டேர், ஆர், செந்தியார், பேச்சில் குழி, மேஸ்திரியிடம் அடி, வரைபடத்தில் மீட்டர். ஒரு ஆர் நூறு சதுர மீட்டர், அதாவது சுமார் 1076 சதுர அடி. குழியின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்.

‘பிளான் அப்ரூவல் வாங்கிவிட்டோமே, இதையெல்லாம் அதிகாரிகள் பார்த்திருக்க மாட்டார்களா’ என்று கேட்கலாம். காரைக்கால் பிளானிங் அத்தாரிட்டி தரும் அனுமதி 1969ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டத்தையும் 2012ஆம் ஆண்டின் கட்டட விதிகளையும் சார்ந்தது. பக்க இடைவெளி, உயரம், தரைப்பரப்பு விகிதம், நிலப் பயன்பாடு முதலியவைதாம் அதன் பிரதான அக்கறை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 61 பேரைப் பலிகொண்டு சரிந்த பதினொரு மாடிக் கட்டடமும் சி.எம்.டி.ஏ.வின் திட்ட அனுமதி பெற்றதுதான். அனுமதி முத்திரை உங்கள் தூணில் கம்பி எண்ணிப் பார்த்ததற்கான சான்றாகாது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. வாஞ்சூரைத் தாண்டினாலோ பூவத்தைத் தாண்டினாலோ தமிழ்நாடு. அங்கே 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள். நாகையிலோ மயிலாடுதுறையிலோ பழகிய கையால் வரைந்த பிளான் இங்கே இடைவெளிக் கணக்கில் தவறிப்போகலாம். மனை கடலுக்கு அருகில் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல எல்லையும் மனையைக் காட்டும் தளப்படத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

‘முப்பது வருஷ அனுபவம் உள்ள மேஸ்திரிக்குத் தெரியாததா’ என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அனுபவத்தை நான் மறுக்கவில்லை. கலவையின் பதத்தைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடும் கொத்தனார்களுக்கு எந்தப் புத்தகமும் ஈடாகாது. ஆனால் கவர் போதாததன் விளைவு பத்துப் பதினைந்து ஆண்டு கழித்தே வெளியே தெரிகிறது, அப்போது அந்த மேஸ்திரி அங்கே இருப்பதில்லை. தன் தவற்றைக் கண்ணால் பார்க்காத அனுபவத்துக்கு அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளவும் வாய்ப்பில்லை. அரைகுறையாகப் படித்துவிட்டு வீட்டுக்காரரே கட்டளையிடுவதும் ஆபத்துதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து அங்குல ஸ்லாபில் ‘கவரை 45 ஆக்குங்கள்’ என்று மேஸ்திரியிடம் சொன்னால் கம்பி மேலேறி, ஸ்லாபின் தாங்கும் சக்தி குறையும். கனத்தையும் கம்பியையும் சேர்த்து இன்ஜினியர்தான் மறுபடி கணக்கிட வேண்டும். கேள்வி கேட்பது வீட்டுக்காரர் வேலை, விடையைக் கையெழுத்தோடு தருவது இன்ஜினியர் வேலை. செலவு கூடும் என்பதும் உண்மை. கூரைக் கம்பி துருப்பிடித்த பிறகு கான்கிரீட்டைக் கொத்தி, கம்பி மாற்றி, மறுபடி பூசும் செலவோடு அதை ஒப்பிட வேண்டும்.

சட்டம் என்ன தருகிறது? பில்டரிடம் பிளாட் வாங்குகிறவருக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பொருந்தும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அனுமதி பெற்ற வரைபடங்களையும் விவரக்குறிப்பையும் பெறுவது 19ஆம் பிரிவின்படி உங்கள் உரிமை. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பிளாட்டின் வரைபடத்தை மாற்றக் கூடாது. ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. ஆனால் சொந்த மனையில் கான்ட்ராக்டர் வைத்துக் கட்டுகிறவருக்கு இந்தச் சட்டம் உதவாது, காரைக்காலில் தனி வீடு கட்டுகிறவர்களின் நிலை இதுவே. அவர்களுக்கான வழி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருவது சேவையே என்று 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; இன்றைய சட்டமும் அதை வெளிப்படையாகச் சொல்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தில், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அங்கே உங்கள் பக்கம் நிற்பவை இரு தரப்பும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்ட வரைபடமும், கான்கிரீட் போடும் முன் டேப் வைத்து எடுத்த தேதியிட்ட படங்களும், கான்கிரீட்டின் வலுவைக் காட்டும் 28ஆம் நாள் கியூப் சோதனைச் சீட்டும்.

அரசுப் பணத்தில் எழும் கட்டடங்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கடற்கரையில் எழுந்த குடியிருப்புகளில் குடியேறியவர்களுக்கு வரைபடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. இன்று கட்டப்படும் பள்ளிக்கோ குடியிருப்புக்கோ, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அந்த நிலையை மாற்றியிருக்கிறது. துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் வரைபடம், விவரக்குறிப்பு, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகலை 30 நாளுக்குள் பெறலாம். அதே சட்டத்தின் 2(ஜெ) பிரிவு, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. விண்ணப்பத்தில் எந்த வேலை, எந்தப் பொருள், எந்தத் தேதியில் பார்வையிட விருப்பம் என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும்; ஸ்லாப் போட்டு முடிந்த பிறகு கம்பியைப் பார்க்க அனுமதி கேட்டுப் பயனில்லை.