கொசஸ்தலை ஆற்றுப் பள்ளத்தாக்கு: பழைய வரைபடம் கூறும் பாடம்

கிணறு வெட்டுமுன் மண்ணைப் பார்க்கிறோம். பக்கத்துக் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்க்கிறோம். அத்துடன் தங்கள் பகுதியின் பழைய நில அளவை வரைபடத்தையும் பார்ப்பது நலம். எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றைக் கொண்டு இதனை விளக்குவோம்.

வரைபடம் படிக்கும் முறை

இந்திய நில அளவைத் துறை 1767ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதன் பழைய தாள்கள் ஓர் அங்குலத்திற்கு ஒரு மைல் என்ற அளவிலும், பிந்தியவை 1:50,000 என்ற அளவிலும் அமைந்தவை. பின்னதில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 500 மீட்டர் ஆகும். நீலம் நீரையும், மஞ்சள் சாகுபடி நிலத்தையும் குறிக்கும். பழுப்புக் கோடுகள் சம உயரமுள்ள இடங்களை இணைப்பவை. அவை நெருங்கியிருந்தால் சரிவு அதிகம்; விலகியிருந்தால் நிலம் சமமானது. மீஞ்சூர், எண்ணூர்ப் பகுதியில் இக்கோடுகள் மிக அரிது. நிலம் அவ்வளவு தாழ்வானது, சமமானது.

புதைந்த ஆறு

பாலாறு முற்காலத்தில் கொசஸ்தலை வழியே வடகிழக்காக ஓடியது. பின்னர் திசை மாறி, இன்று கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. பழைய ஆறு விட்டுச் சென்ற மணலே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நிலத்தடி நீரைத் தேக்கி வைத்துள்ளது. வரைபடத்தில் வளைந்து பாதியில் நிற்கும் ஓடைகளும், வரிசையாக அமைந்த ஏரிகளும் இத்தகைய பழந்தடத்தின் அடையாளமாக இருக்கலாம்.

உப்பு நீரின் வரவு

நீரைத் தேக்கும் அதே மணல் கடல்நீருக்கும் வழி விடுகிறது. இறைப்பு மிகுந்ததால் மீஞ்சூர்ப் பகுதியில் 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உப்பு நீர், 1983இல் சுமார் 9 கி.மீ. வரை பரவியது. கிணற்றை மேலும் ஆழப்படுத்துவது இதற்குப் பரிகாரம் ஆகாது.

மாறிய முகத்துவாரம்

எண்ணூர்க் கழிமுகத்தின் கரையில் 1994இல் வடசென்னை அனல் மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. கழிமுகத்தில் வெள்ளம் பரவும் இடம் சுருங்கினால், அந்நீர் மேலேயுள்ள வயல்களில் தேங்கும்.

செய்ய வேண்டியவை

1. பழைய வரைபடத்தைக் கிராமப் புல வரைபடத்துடன் ஒப்பிட்டு, மறைந்த ஓடைகளையும் வரத்துக் கால்வாய்களையும் கண்டறியுங்கள்.

2. ஓடைத் தடத்தை மேடாக்காதீர்கள். ஏரியைத் தூர் வாரி மழைநீரைத் தேக்குங்கள்.

3. கிணற்றுக்கு இடம் தேர்ந்தபின் மின்தடை ஆய்வு செய்து உறுதிப்படுத்துங்கள்.

4. கோடையிலும் மழைக்குப் பின்னரும் கிணற்று நீரின் உப்புத் தன்மையைப் பரிசோதியுங்கள்.

ஆறு தன் வழியை மறப்பதில்லை. நாமும் அதை அறிந்து நடந்தால் வயலையும் கிணற்றையும் காத்துக்கொள்ளலாம்.