மாணவர் கையில் ஒரு கண்காட்சி

அருங்காட்சியகக் கண்காட்சியைத் திட்டமிட்டு நடத்தும் பொறுப்பை மாணவர்களிடமே ஒப்படைக்கும் பயிற்சி முறைக்கு, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் 1920களின் தொடக்கம் முதல் 1948 வரை பால் சாக்ஸ் நடத்திய பாடநெறி சிறந்த முன்னோடியாகும். கோல்ட்மன் சாக்ஸ் வங்கி நிறுவனத்தில் பங்குதாரராக இருந்து கலைத்துறைக்கு வந்த சாக்ஸ், ஓவியங்களை ஆராயக் கற்பித்ததோடு நில்லாமல் நிர்வாகத்தையும் கற்பித்து, மாணவர்களே கண்காட்சி அமைப்பதையும் பயிற்சியின் பகுதியாக்கினார்.

அதே வளாகத்தில் அம்முயற்சி வகுப்பறையையும் தாண்டியது. வாழும் கலைஞர்களுக்கு அப்பகுதி அருங்காட்சியகங்களில் போதிய இடமில்லை எனக் கருதிய லிங்கன் கர்ஸ்டீன், எட்வர்டு வார்பர்க், ஜான் வாக்கர் ஆகிய மூன்று மாணவர்கள், ஹார்வர்டு தற்காலக் கலைக் கழகத்தை நிறுவி, 1929 பிப்ரவரியில், பல்கலைக்கழகக் கூட்டுறவுப் பண்டகசாலையின் மாடியில் இருந்த இரண்டு அறைகளில் முதல் கண்காட்சியைத் திறந்தனர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டதோ அவ்வாண்டு நவம்பரில்தான். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியின் படைப்புகளையும் அவர்கள் 1930இலேயே அமெரிக்க மக்கள்முன் வைத்தனர். இரண்டே அறைகளைக் கொண்டு இதனைச் சாதிக்க முடிந்தது, எதைக் காட்டுவது என்பதில் அவர்களுக்கு இருந்த தெளிவினால்தான்.

இத்தெளிவைப் பெறுவதே இன்றைய மாணவர் குழுக்களுக்கும் முதற்பணி. கண்காட்சி சொல்ல வருவதை ஒற்றை வாக்கியத்தில் எழுதிக்கொண்டு, அதனோடு பொருந்தாத பொருள் எத்துணை அழகியதாயினும் விலக்கிவிட வேண்டும் என அருங்காட்சியகவியலார் வலியுறுத்துகின்றனர். ஆளுக்கொரு பொருளை விரும்பித் தேர்ந்த குழுவில் இவ்விலக்கலே மிகக் கடினமானது. ஆயினும், அதனைத் தள்ளிப்போடும் குழு, பேழைகள் நிரம்பிய பிறகும் பார்வையாளருக்குச் சொல்ல ஏதுமின்றி நிற்கும்.

அடுத்தது இரவல். பொருளை ஒருவரிடமிருந்து பெறும்போது, காலம், காப்பீடு, பொதிகட்டல், போக்குவரத்து ஆகியவற்றை வரையறுக்கும் ஒப்பந்தத்தோடு, 'நிலை அறிக்கை' என்னும் ஆவணமும் எழுதப்படுகிறது. பொருளிலுள்ள ஒவ்வொரு கீறலையும் கறையையும் விரிசலையும், இடம் குறித்து, ஒளிப்படத்துடன் பதியும் இவ்வறிக்கையை எழுதும் மாணவர், விரிவுரையில் பெறாத ஒரு கூர்நோக்கைப் பெறுகிறார். நூறாண்டுப் பழமையுள்ள தாளை மணிக்கணக்கில் உற்று நோக்கியவருக்கு, அதன்மேல் விழும் வெளிச்சம் வெறும் அலங்காரமாகத் தோன்றாது. ஒளியால் நேரும் சேதம் சிறிது சிறிதாகச் சேர்வது, மீட்கவும் இயலாதது. ஆகவேதான் தாள், துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு, ஒளியின் செறிவை அளக்கும் லக்ஸ் என்னும் அலகில் ஏறத்தாழ 50 அளவே பொதுவாக அனுமதிக்கப்படுகிறது.

விளக்கக் குறிப்பு எழுதுவதும் எளிதன்று. ஆய்வேடு எழுதிப் பழகிய மாணவர், நின்றபடியே படித்து நகரும் பார்வையாளருக்காகச் சில வரிகளில் எழுத வேண்டியிருப்பதால், வரைவைச் சாதாரணத் தாளில் அச்சிட்டு, துறை சாராத சிலரைப் படிக்கச் செய்து, அவர்கள் தடுமாறும் இடங்களைத் திருத்துவது பயன் தரும்.

திறப்பு விழாவோடு பணி முடிந்ததாகக் கருதப்படுவது பெருங்குறை. கண்காட்சி கலைந்தபின் பொருள்களைப் பொதிகட்டி, முதலில் எழுதிய நிலை அறிக்கையோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, உரியவரிடம் ஒப்படைத்துக் கையொப்பம் பெறும் வரை, குழுவினர் எவரும் விலகாதபடி கால அட்டவணை வகுக்கப்பட வேண்டும்.