சின்ன வெங்காய நாற்றங்கால்: தண்ணீர் ஊற்றுவதில் கவனம் தேவை

பெரம்பலூர் மாவட்டம் தமிழகத்தில் சின்ன வெங்காயச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. சிறுவாச்சூர், செட்டிகுளம், ஆலத்தூர் பக்கங்களில் கிணற்றுப் பாசனம் உள்ள சிறு விவசாயிகள் பலருக்கு வெங்காயமே கைக்குப் பணம் தரும் பயிர். தலைமுறை தலைமுறையாக இங்கு விதைக் காயை ஊன்றியே வெங்காயம் பயிரிடப்பட்டு வருகிறது. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதைக் காய் வேண்டும். வெங்காய விலை ஏறும் ஆண்டுகளில் விதைக் காயின் விலையும் கூடவே ஏறிவிடும். 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்றபோது, நடவுக்கென்று வைத்திருந்த காய் மூட்டைகள் இந்த மாவட்டத்தில் திருடு போன செய்தியைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தச் செலவைக் குறைக்க வழி உண்டு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட கோ.5 சின்ன வெங்காய ரகம் நன்கு பூத்து விதை பிடிக்கும் இயல்புடையது. இதை விதையிலிருந்து நாற்று விட்டு நடலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும் என்பது பரிந்துரை. 600 கிலோ எங்கே, ஒரு கிலோ எங்கே! ஆனால் முதல் முறையாக நாற்று விடுபவர்களில் பலர், "விதை சரியில்லை, பாதி முளைக்கவேயில்லை, முளைத்ததும் படுத்துவிட்டது" என்று சலித்துக்கொண்டு மறு ஆண்டே விதைக் காய்க்குத் திரும்பிவிடுகிறார்கள். விதை சரியில்லாமலும் இருக்கலாம். எனினும் பெரும்பாலான நாற்றங்கால்களில் விதை செய்யும் கெடுதலைவிடத் தண்ணீர் செய்யும் கெடுதலே அதிகம்.

ஒரு சிறு கணக்கைப் பார்த்தால் நாற்றின் அருமை விளங்கும். 45 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, பாரின் இருபுறமும் 10 செ.மீ.க்கு ஒரு நாற்று நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,78,000 நாற்றுகள் வேண்டும். ஒரு கிலோவில் இரண்டரை லட்சம் முதல் மூன்று லட்சம் விதைகள் இருக்கும். சான்று விதைக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு முளைப்புத் திறன் 70 சதவீதம். அப்படியானால் ஒரு கிலோ விதையில் கிடைக்கும் நாற்று 1,75,000 முதல் 2,10,000 வரைதான். நாற்றங்காலில் பத்தில் இரண்டு பங்கு செத்தால் வயலில் பாதிப் பாருக்குச் சற்றுக் குறையக் காலியாக விடவேண்டிய நிலை வராவிட்டாலும், நாலைந்து பாருக்கு ஒரு பார் வெறுமையாகப் போகும் நிலை வரும். ஒரு கிலோ போதும் என்ற பேச்சு நாற்றைச் சாகவிடாதவர்களுக்கே பொருந்தும். புதிதாகத் தொடங்குபவர் கால் கிலோ கூடுதலாக வாங்கிக்கொள்வது நலம்.

விதையும் பாத்தியும்

வெங்காய விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழக்கும் விதை. சாதாரணச் சேமிப்பில் ஓராண்டு கடந்த விதையை நம்பக் கூடாது. பையின் மேலுள்ள பரிசோதனைத் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். விதைப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன் 100 விதைகளை எண்ணி, ஈரத் துணியில் சுற்றி, துணி காயாமல் நிழலில் வைத்துப் பார்க்கலாம். எழுபதுக்கும் கீழே முளைத்தால், அதற்கேற்ப விதையைக் கூட்ட வேண்டும் அல்லது விதையை மாற்ற வேண்டும். நான்கு காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்பவர்கள் மிகக் குறைவு என்பது வியப்பாக உள்ளது.

ஏக்கர் நடவுக்கு ஐந்து சென்ட் நாற்றங்கால் தேவை. கடந்த ஆண்டு வெங்காயமோ மிளகாயோ இருந்த இடத்தைத் தவிர்த்து, தண்ணீர் தேங்காத மேட்டு இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம், ஒரு சாண் உயரத்திற்குச் சற்றுக் குறைவாக, அதாவது 15 செ.மீ. உயரத்தில் மேட்டுப் பாத்திகள் அமைக்க வேண்டும். ஐந்து சென்டில் இப்படி 50 பாத்திகள் வரும். ஒரு பாத்திக்கு 20 கிராம் விதை. அகலவாக்கில் மூன்று விரற்கடை இடைவெளியில் கோடு கிழித்து, அரை செ.மீ. ஆழத்தில் சீராகத் தூவ வேண்டும். விதையைத் திண்ணமாகத் தூவினால் நாற்று நெருங்கிக் காற்று புகாமல் போய்விடும். பின்னால் சொல்லப்போகும் நோய்க்கு அதுவே வாசற்படி.

இந்த வட்டாரத்தில் கரிசல் மண் நாற்றங்கால் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வெங்காய முளை நிமிர்ந்து வெளிவருவதில்லை. வளைந்து, கொக்கி போல முதுகைக் காட்டிக்கொண்டுதான் மண்ணை முட்டி வரும். கரிசலின் மேல்மண் காய்ந்து ஓடு கட்டினால் அந்தக் கொக்கி முட்டி முட்டி ஓய்ந்து உள்ளேயே அழுகிவிடும். "முளைக்கவேயில்லை" என்று சொல்லப்படும் விதையில் பெரும்பங்கு இவ்வாறு முளைத்து மடிந்ததே. ஆகவே விதைக் கோட்டை அதே மண்ணால் மூடாமல், நன்கு மக்கிப் பொடித்த தொழு உரமும் மணலும் சம அளவு கலந்து மூட வேண்டும். அதன்மேல் வைக்கோலை மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும்.

ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைப்பது நாற்றழுகலைத் தடுக்கும். திரம் அல்லது கேப்டான் மருந்து கிலோவுக்கு 2 கிராம் கலப்பதும் உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கலக்கக் கூடாது. மருந்து உயிரியைக் கொன்றுவிடும்.

எவ்வளவு தண்ணீர்?

தண்ணீரின் அளவைக் கண் மதிப்பில் விடாமல் கணக்கில் கொண்டுவருவது எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க வேண்டுமானால் ஒரு லிட்டர் போதும். வெயில் நாளில் நாற்றங்கால் பாத்தியிலிருந்து ஏறத்தாழ 5 மில்லி மீட்டர் நீர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று சதுர மீட்டர் பாத்திக்கு அது 15 லிட்டர். அதாவது பத்து லிட்டர் பூவாளியில் ஒன்றரை. மூடாக்கான நாட்களில் இதில் பாதி போதும். மழை பெய்த மறுநாள் ஒன்றுமே வேண்டாம்.

இப்போது 50 பாத்திக்கும் பெருக்கிப் பார்த்தால் 750 லிட்டர் வருகிறது. 75 முறை பூவாளி நிரப்பிச் சுமக்க வேண்டும். இடுப்பு ஒடியும் வேலை. இதனால்தான் மூன்றாம் நாளே பூவாளியை மூலையில் போட்டுவிட்டு மடையைத் திறந்துவிடுகிறார்கள். பாத்தி முழுதும் தண்ணீர் தளும்பி நிற்கிறது, விதை ஓரத்துக்கு அடித்துச் செல்லப்படுகிறது, மேல்மண் இறுகிவிடுகிறது. சோம்பல் என்று யாரையும் குறை சொல்வதற்கில்லை, வேலைப்பளு அப்படி. மோட்டார்க் குழாயின் நுனியில் பூவாளியின் சல்லடை வாயைப் பொருத்திக்கொண்டால் சுமையில்லை. வசதி உள்ளவர்கள் பாத்திகளுக்கு நடுவே துளையிட்ட மழைத் தூவல் குழாயை விரிக்கலாம். குழாயில் அளவு தெரியாதே என்றால், 15 லிட்டர் வாளியை வைத்து அது நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாத்திக்கு அத்தனை நொடிதான். பள்ளி செல்லும் பிள்ளைகள்கூட இதைச் சரியாகச் செய்துவிடுவார்கள்.

விதைத்த நாள் முதல் முளை தெரியும் வரை, காலையும் மாலையும் வைக்கோலின் மேல் பாதிப் பாதியாகத் தெளிக்க வேண்டும். இக்காலத்தில் மேல்மண் ஒரு வேளைகூட முழுதாகக் காயக் கூடாது. ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கொக்கிகள் தலைகாட்டும். பாத்தியில் பாதி இடத்தில் கொக்கி தெரிந்த அன்றே, வெயில் தாழ்ந்த பின் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் நாற்று வெளுத்து, நூல் போல நீண்டு, வைக்கோலை எடுக்கும்போதே உடன் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

வைக்கோல் எடுத்த பிறகு மாலைத் தெளிப்பை நிறுத்திவிட வேண்டும். காலையில் ஒரு வேளை மட்டும் போதும். மாலையில் ஊற்றினால் இரவு முழுதும் நாற்றின் அடிக்கழுத்து ஈரத்தில் நிற்கும். நாற்றழுகல் பூசணத்திற்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. இரண்டாம் இலை விட்ட பின் இன்னும் குறைத்து, விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாத நாளில் மட்டும் ஊற்றலாம். வெங்காய வேர் மேலாகவே ஓடுவது, கிளை குறைந்தது என்பதால் நீண்ட காய்ச்சலும் ஆகாது.

நாற்று காட்டும் அடையாளங்கள்

நண்பகலில் நாற்று சற்றுத் துவண்டு நிற்பதைக் கண்டு பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவது புதியவர்கள் வழக்கம். மாலையில் தானாக நிமிர்ந்துவிட்டால் அது வெயில் சோர்வுதான், ஊற்றத் தேவையில்லை. மாலையிலும் நிமிராமல், பச்சை மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் நின்றால் மறுநாள் விடியலில் நன்றாக ஊற்ற வேண்டும். பாத்தியின் மேல் பச்சைப் பாசி படர்ந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று பொருள். இலை நுனி மட்டும் வரிசையாகக் கருகினால் கிணற்று நீரைச் சந்தேகிக்க வேண்டும். வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். நாற்றுப் பருவத்தில் அறவே தாங்காது. கோடையில் நீர்மட்டம் இறங்கிய கிணறுகளில் உப்பு கூடுவது இயல்பு. வாலிகண்டபுரத்தில் உள்ள ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ நீரைச் சோதித்துக்கொண்ட பிறகே நாற்று விடுவது பணத்தைக் காக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது நாற்றழுகல். காலையில் போய்ப் பார்க்கும்போது தட்டு அளவு வட்டத்தில் நாற்றுகள் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கும். ஒன்றை எடுத்துப் பார்த்தால் மண்ணை ஒட்டிய கழுத்து நீர் கோத்து, நசுங்கி, நூலாகியிருக்கும். மறுநாள் தட்டு முறமாகும். மூன்று நாளில் பாத்தி போய்விடும். இதைக் கண்டதும் வாடுகிறது என்று எண்ணித் தண்ணீர் ஊற்றுபவர்கள் பூசணத்தைப் பாத்தி முழுவதும் தாமே பரப்பிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. அன்றே தண்ணீரை நிறுத்த வேண்டும். படுத்த நாற்றுகளையும் சுற்றிலும் நான்கு விரல் அகலத்திற்கு நன்றாக உள்ளவற்றையும் மேல்மண்ணோடு அள்ளிப் புதைக்க வேண்டும். தாமிர ஆக்ஸிகுளோரைடு மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து அந்த இடத்திலும் சுற்றிலும் மண் நனைய ஊற்ற வேண்டும். யூரியா தூவி நாற்றைத் தேற்ற நினைப்பதும் தவறு. இளம் நாற்று தழைச்சத்தால் மேலும் மென்மையாகி நோய்க்கு எளிதில் இரையாகும். அடியுரமாக நன்கு மக்கிய தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் இட்டிருந்தால் நாற்றங்காலுக்கு வேறு உரமே பெரும்பாலும் தேவைப்படாது.

புரட்டாசியில் நாற்று விடுபவர்கள் வடகிழக்குப் பருவமழையை மனத்தில் கொள்ள வேண்டும். பாத்தியின் மேல் மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து ஊன்றி, பாலித்தீன் தாளைப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தால் மழை வரும்போது இழுத்து மூடலாம். மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும். மூடியே வைத்தால் உள்ளே புழுங்கி மழையைவிட அதிகக் கேடு விளையும். சித்திரை, வைகாசியில் விடுபவர்களுக்கு எதிர்த் தொல்லை. முளை வந்த முதல் பத்து நாட்களுக்குத் தென்னங்கீற்றுப் பந்தலோ பாதி நிழல் தரும் வலையோ வேண்டும். பிறகு நாளுக்கு நாள் நிழலைக் குறைத்து வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

நாற்பது முதல் நாற்பத்தைந்து நாட்களில் நாற்று ஒரு சாண் உயரமாகி, துடைப்பக் குச்சியைவிடச் சற்றுப் பருமனாக இருக்கும். பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால் நாற்று கடினப்படும். வயலில் நட்டதும் தலை சாயாது. பிடுங்கும் நாளுக்கு முதல்நாள் மாலை மட்டும் பாத்தி நன்றாக நனையும்படி ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றக் கூடாது என்பதற்கு இந்த ஒரு நாள் விலக்கு. காய்ந்த மண்ணில் இழுத்தால் வேர் அறுந்து கையில் தண்டு மட்டும் வரும். பிடுங்கிய நாற்றின் வேரை, லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைத்த நீரில் அரை மணி நேரம் நனைத்து, அன்றே நட்டுவிட வேண்டும். நட்டவுடன் ஒரு தண்ணீரும் மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீரும் தவறாமல் கட்ட வேண்டும். அதன் பிறகு மண்ணின் தன்மையைப் பார்த்து வாரம் ஒரு முறை பாய்ச்சினால் போதுமானது.