குட்டி யானை போதுமா, பிக்கப் வேண்டுமா?

லோடு வண்டி வாங்கப் போகிறவர் ஷோரூமில் முதலில் கேட்பது "எத்தனை சி.சி.?" அடுத்தது "மைலேஜ் என்ன குடுக்கும்?" குனிந்து, பின் சக்கரத்துக்கு உள்பக்கம் எட்டிப் பார்த்தவரை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் வண்டி எவ்வளவு சுமக்கும் என்பது அங்கேதான் இருக்கிறது. இஞ்சின் இழுக்கும், அவ்வளவுதான். சுமப்பது பின்னால் கிடக்கும் இரும்பு.

ராசிபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மைத்துனன் போன வருடம் போன் செய்தான். "மாமா, குட்டி யானை பத்த மாட்டேங்குதுங்க. பெரிய பிக்கப் ஒண்ணு எடுத்துரலாமுங்களா?" வண்டிகளைப் பற்றி எழுதுகிறவன் என்பதால் வீட்டில் எனக்கு இப்படி ஒரு மரியாதை உண்டு. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

குட்டி யானை என்பது டாடா ஏஸுக்கு நம் ஊர் வைத்த பெயர். இப்போது எந்தக் கம்பெனியின் சின்ன வண்டியையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். 2005-ல் அது வந்தபோது 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமை. அதற்கு முன்பு சின்னச் சரக்குக்கு மூன்று சக்கர வண்டி, பெரிய சரக்குக்கு ஒரு டன் பிக்கப் அல்லது லாரி. நடுவில் ஒன்றும் இல்லை. மூன்று சக்கர வண்டிக்காரர்களிடம் பேசிப் பேசியே இதை வடிவமைத்தார்கள். நாலு சக்கரம் இருந்தால் பெண் கொடுக்க முன்வருவார்கள் என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகக் கதை உண்டு. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் ஓசூரிலிருந்து வந்தது: மூன்று சிலிண்டர், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இஞ்சின், ஒன்றேகால் டன். அதற்கு மேல்படியில் மகிந்திராவின் பொலிரோ பிக்கப்: நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர், மாடலைப் பொறுத்து 1.3 டன்னிலிருந்து 1.7 டன் வரை. இரண்டு, மூன்று, நான்கு என்று சிலிண்டர் ஏறுவதால் இஞ்சின்தான் வித்தியாசம் என்று தோன்றிவிடுகிறது.

முதலில் அவனுடைய ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். அதில் இரண்டு எண்கள். ஒன்று வண்டியின் வெற்று எடை, இன்னொன்று சரக்கோடு சேர்த்து அது தாங்க அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் முக்கால் டன்னை ஒட்டி வந்தது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் வெற்று எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர மாட்டார்கள். அவர்கள் எடையும் சரக்குக் கணக்கில்தான் விழும். டிரைவர் எழுபது, லோடுமேன் எழுபது. பக்கவாட்டில் பிறகு அடித்த கம்பிக் கூண்டு, தார்ப்பாய், கயிறு, கடப்பாரை எல்லாம் சேர்த்து அறுபது என்று வைத்தால் 750-ல் 200 கிலோ சரக்கு ஏறும் முன்பே போய்விட்டது. மிச்சம் 550. ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டை பதினொன்று.

"நான் இருபத்தஞ்சு போடுவேனுங்க" என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். சக்கரத்துக்கு உள்பக்கம் தெரியும் ஸ்பிரிங்கை மெக்கானிக்குகள் கமான் பட்டை என்று சொல்வதில் ஓர் அழகு இருக்கிறது. கமான் என்றால் உருதுவில் வில். வில்லாக வளைத்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் யு-போல்ட் போட்டு ஆக்சிலோடு இறுக்கியிருப்பார்கள். மேல் பட்டை நீளம், கீழே போகப் போகக் குட்டை. வளைக்கும் விசை நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு என்பதால் எஃகு வேண்டிய இடத்தில் தடிமனும் வேண்டாத இடத்தில் மெலிவுமாக வருகிறது. பெரிய பிக்கப்பின் அடுக்கைப் பார்த்தால் பட்டைகளின் எண்ணிக்கையோ தடிமனோ கூடியிருக்கும். பல வண்டிகளில் இவற்றைத் தவிர ஹெல்பர் என்று தனியாக ஒன்றிரண்டு தட்டையான பட்டைகளும் உண்டு. காலியாக ஓடும்போது அவை சும்மா கிடக்கும். சுமை ஏறி மற்றவை தாழ்ந்த பிறகே வந்து தோள் கொடுக்கும், பந்தியில் கூட்டம் கூடியதும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வரும் சித்தி மாதிரி.

அப்படியானால் எல்லாரும் பெரிய கமான் வண்டியே வாங்கலாமே? இங்கேதான் கணக்கு திரும்புகிறது. ஒன்றரை டன்னுக்கு வளைத்த பட்டை முந்நூறு கிலோவுக்கு அசைந்து கொடுக்காது. பள்ளத்தில் விழுந்தால் வண்டி மெதுவாக அமுங்கி எழாமல் வெடுக்கென்று குதிக்கும். நாமக்கல் பக்கம் முட்டை ஏற்றுகிறவர்களைக் கேட்டால் தெரியும். முப்பது முட்டை அடுக்கிய ஓர் அட்டை ஒன்றே முக்கால் கிலோதான் வரும். இடத்தை அடைக்கும், எடை தராது. விறைத்த வண்டியில் அரைகுறையாக ஏற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் வியாபாரியின் வயிறு எரியும். தக்காளிக்கும் இதே கதைதான், அடிப்பெட்டி சாறாகிவிடும்.

அடுத்து ஆக்சில். இதற்குக் குனியக்கூட வேண்டாம். ஒரு லாரியின் பின் சக்கரத்தை நேராகப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு முகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி வரிசையாகச் சின்ன போல்ட்டுகள். அந்த போல்ட்டுகளைக் கழற்றினால் சக்கரம் தரையில் இருக்கும்போதே உள்ளிருக்கும் தண்டை வாள் போல உருவிவிடலாம். வண்டி விழாது. காரணம், அங்கே எடையைத் தாங்குவது ஹவுசிங் என்னும் வெளிக்கூடு. உள்தண்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது மட்டும்தான் வேலை. இதை முழு மிதவை ஆக்சில் என்பார்கள். கார்களிலும் பெரும்பாலான சின்ன வண்டிகளிலும் இருப்பது அரை மிதவை: அதே தண்டுதான் சுழற்றவும் வேண்டும், சக்கரத்தின் மேல் வரும் எடையைத் தாங்கவும் வேண்டும். எடை குறைவு, விலை குறைவு, அளவோடு ஏற்றினால் காலம் முழுக்க உழைக்கும். அளவை மீறி நாள்தோறும் ஏற்றினால் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதுவேதான், ஆனால் பல லட்சம் சுற்றுகளில். லாரியில் தண்டு முறிந்தால் வண்டி நின்றுவிடும். அரை மிதவையில் முறிந்தால் சக்கரமே கழன்று தனியாக உருண்டு போக வாய்ப்பு உண்டு.

டயரைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பக்கவாட்டில் சுமைக் குறியீடு அச்சாகியிருக்கும். காற்று அளவோடு சேர்த்து அதை மதித்தால் போதும். சரக்கை எங்கே வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். பிக்கப்பில் சரக்கின் பெரும்பகுதி பின் ஆக்சிலின் மேல்தான் இறங்குகிறது. பின் கதவைத் திறந்து போட்டு இருபது அடிக் குழாயையோ மடித்த முறுக்குக் கம்பியையோ வெளியே நீட்டினால், அது பின் ஆக்சிலை அச்சாக வைத்து முன்பக்கத்தைத் தூக்கும். அப்போது ஸ்டீயரிங் பஞ்சு போல லேசாக இருக்கும். ஓட்டுகிறவருக்கு அது சுகமாகத் தெரியும், முன் டயர் ரோட்டை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்பது திருப்பத்தில்தான் தெரியும்.

பேசிக்கொண்டிருக்கும்போது அவன் இன்னொன்றைச் சொன்னான். கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் ஒரு காண்ட்ராக்டருக்கு மாதாமாதம் சிமென்ட் அனுப்ப ஒப்புக்கொண்டிருக்கிறான். அடிவாரம் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். எனக்குக் கணக்கே மாறிவிட்டது.

ஏறுவதை எல்லாரும் யோசிக்கிறார்கள். ஏறுவதற்கு முதல் கியரும் பொறுமையும் போதும். 16 குதிரைத்திறன் வண்டியும் முக்கி முனகி ஏறிவிடும். இறங்குவதுதான் விஷயம். காண்ட்ராக்டருக்குச் சிமென்ட் இறக்கிவிட்டு வண்டி சும்மாவா வரும்? பலாவோ வாழையோ ஏற்றிக்கொண்டுதான் வரும். மொத்தம் ஒன்றரை டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். அந்த உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் வழியிலேயே வெப்பமாகப் போயாக வேண்டும். ஏறக்குறைய ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. மூன்று டன் என்றால் நூறு லிட்டர். அதை பிரேக் டிரம்மிலேயே கொட்டினால் டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கிலிருந்து விலகும், லைனிங்கும் பிடிப்பை இழக்கும், மிதி கீழே போய்க்கொண்டே இருக்கும். பாதி மலையில் ஒரு கருகல் வாடை வரும். மலை ஓட்டுநர்களுக்கு அது தெரியும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இஞ்சினையும் பிரேக்காக்கி, வெப்பத்தில் ஒரு பங்கை அதன் தலையில் கட்டத்தான். பெரிய இஞ்சின் இந்த வேலையைச் சின்னதைவிட நன்றாகச் செய்யும். பெரிய பிக்கப்பின் பிரேக்கும் மொத்த எடைக்கு ஏற்பப் பெரிதாக இருக்கும். என்னைக் கேட்டால், மலை நடைக்குப் போகும் வண்டி தன் தகுதியில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றவே கூடாது.

"அப்ப பெருசே எடுத்துரலாமுங்களா?"

பில் புக்கை எடுத்துவரச் சொன்னேன். கடைசி மூன்று மாத டெலிவரியை ஒரு தாளில் குறித்தோம். பெயின்ட், குழாய், கதவுக் கீல், ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. தொட்டி வண்டியையே அடைத்துக்கொள்ளும். தூக்கினால் இரண்டு பேர் போதும். பிளைவுட் எட்டுக்கு நாலு அடி. குட்டி யானையின் தளமோ ஏழே கால் அடி, பலகை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு போகும். இடம்தான் குறைகிறதே தவிர எடை இல்லை. பெரும்பாலான நாட்களில் ஐந்நூறு கிலோ தாண்டவில்லை. ஒரு டன்னைத் தொட்ட நாட்கள் கைவிரல்களுக்குள் அடங்கின. ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் காலியாகவே ஏறக்குறைய ஒன்றரை டன் இருக்கும். முந்நூறு கிலோ பெயின்ட்டைக் கொண்டுபோக ஒவ்வொரு நடையும் ஒன்றரை டன் இரும்பை இழுப்பதற்கு டீசல் போட வேண்டும், டயர் தேய்க்க வேண்டும், மாதம் பிறந்தால் டியூவும் கட்ட வேண்டும். கடைவீதிச் சந்துகளில் திருப்புவதை இதில் சேர்க்கவே இல்லை.

இந்த ஒன்றரை டன் எல்லை தானாக வந்ததல்ல. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு பெர்மிட் கேட்பதில்லை. அதனால்தான் சந்தையில் பல பிக்கப்புகளின் மொத்த எடை 2,900 சொச்சத்தில் வந்து நின்றுவிடுகிறது. சட்டம் கோடு போட்டால் கம்பெனிகள் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒட்டி நிற்பது உலக வழக்கம்தான். அமெரிக்காவில் 1975-ல் ஃபோர்டு எஃப்-150 பிறந்ததும் இப்படியே: மொத்த எடை 6,000 பவுண்டுக்குள் இருந்தால் கடுமையான புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும் என்று அன்றைய விதி. இது அந்த எடையைக் கொஞ்சம் தாண்டிக்கொண்டது. நம்மூரில் லைசென்ஸுக்கு இந்தக் குழப்பம் இல்லை. 7,500 கிலோ வரை சாதாரண இலகு ரக லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. அதிக பாரத்துக்குத்தான் வலி. 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதோடு கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். இருபத்தைந்து மூட்டைப் பெருமையை இந்த இடத்தில் நினைவூட்டினேன். பதில் இல்லை.

கடைசியில் முடிவானது இதுதான். ஊருக்குள் ஓட குட்டி யானை இருக்கட்டும். மலைக்கும் முழு லோடுக்கும் ஒன்றேகால் டன் வண்டி ஒன்று, பழையதாகவே பார்க்கலாம்.

அன்று மாலையே ஒன்றைப் பார்க்கப் போனோம். ஆறு வருட வண்டி, புதுப் பெயின்ட், சீட்டில் புது உறை. இஞ்சின் ஒரே சாவியில் பிடித்தது. மைத்துனன் முகத்தில் வெளிச்சம். "மாட்டுத் தீவனம் மட்டுந்தானுங்க ஓடுச்சு, பாரமே பாத்ததில்ல" என்றார் உரிமையாளர். நான் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். கமான் அடுக்கில் மற்ற பட்டைகளெல்லாம் துருவேறிக் காவி நிறம். நடுவில் ஒன்று மட்டும் கறுப்பாக, பளபளவென்று. கம்பெனி கொடுத்தது போதாமல் பிறகு சேர்த்த எக்ஸ்ட்ரா பட்டை. எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குப் போனேன், அங்கேயும் அதே போல ஒன்று. அதற்கு நேர் மேலே சேசிஸ் சட்டத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு, அதன் மேலும் அதே புதுப் பெயின்ட்.

மைத்துனனைக் கூப்பிட்டு டார்ச்சை அவன் கையில் கொடுத்தேன். குனிந்தவன் நிமிர நேரமாயிற்று. "டீ சாப்பிட்டுப் போலாமுங்களா மாமா?" என்றான்.

உரிமையாளர் எங்களுக்கு முன்பாகவே பானெட்டை மூடிவிட்டிருந்தார்.