தடம் சீரானால் வண்டி ஓடும்



சாரல் காலத்தில் குற்றாலம் வரும் குடும்பங்கள் பல, தென்காசி நிலையத்தில் ரயிலை விட்டு இறங்குகின்றன. "வாப்பா, ரயில் எப்படிக் கம்பியை விட்டு விலகாமல் ஓடுகிறது?" என்று உங்கள் பிள்ளையும் அங்கே கேட்டிருக்கலாம். வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் கொண்டுவரும் மாதிரி ரயில், அக்கேள்விக்கு வீட்டிலேயே விடை சொல்லும்.

ஆனால் நடப்பது என்ன? விலை கொடுத்து வாங்கிய வண்டி முதல் நாளே தடம் புரள்கிறது. பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது. பெட்டி அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. குற்றம் பெரும்பாலும் பிள்ளையிடமும் இல்லை, எஞ்சினிடமும் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறது.

இதற்கு நம் ஊர்ப் பாதையே பாடம். செங்கோட்டையிலிருந்து கொல்லம் செல்லும் மலைப்பாதை 1904ஆம் ஆண்டு மீட்டர் கேஜாக, அதாவது இரு கம்பிகளுக்கிடையே 1000 மி.மீ. இடைவெளியுடன் திறக்கப்பட்டது. அதை 1676 மி.மீ. அகலப் பாதையாக்க, 2010இல் செங்கோட்டை - புனலூர் இடையே ரயில் நிறுத்தப்பட்டது. பாலங்களிலும் குகைகளிலும் வேலை முடிந்து முழுப்பாதையும் திறக்கப்பட்டது 2018இல்தான். இரண்டடிக்குச் சற்றே மிகுந்த வேறுபாட்டுக்கு எட்டாண்டுகள்! இடைவெளி ஒன்றாக இல்லையேல் சக்கரம் ஏறாது.

மாதிரி ரயிலுக்கும் இதுவே விதி. 'எச்.ஓ.' என்னும் அளவு அசலில் 87இல் ஒரு பங்கு; அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 'என்' அளவு 160இல் ஒரு பங்கு. இடைவெளி 9 மி.மீ. ஒன்றின் வண்டி மற்றதன் மீது ஓடாது. கூடுதல் துண்டுகள் வாங்குமுன் பெட்டியிலுள்ள அளவைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இனி, தடம் அமைக்கும் முறையைக் காண்போம்.

பாயின் மீதோ ஜமுக்காளத்தின் மீதோ விரிக்காதீர்கள். நூலும் தூசியும் சக்கரத்தில் சிக்கும். சமமான ஒட்டுப்பலகையே ஏற்றது. எச்.ஓ. அளவில் 18 அங்குல ஆரமுள்ள வட்டத்துக்கு நான்கடி அகலம் போதும். இடம் குறைவென்று வளைவை நெருக்கினால் நீண்ட பெட்டிகள் தடம் புரளும். இடப்பக்க வளைவையும் வலப்பக்க வளைவையும் நேரடியாக இணைக்காமல், நடுவே ஒரு நேர்த்துண்டு வையுங்கள்.

இணைப்புகளில் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தட்டினால் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். பிறகு எஞ்சினை ஓட்டாமல், ஒரு பெட்டியை மட்டும் கையால் மெல்லத் தள்ளுங்கள். அது குலுங்கும் இடமே பழுதுள்ள இடம்.

மின்சாரத்தில் கவனம் மிகத் தேவை. பெரும்பாலான செட்டுகளில் இரு கம்பிகளும் எதிரெதிர் மின்முனைகள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் ஓட்டம் நின்றுவிடும். வீட்டு மின்சாரத்தை நேராகத் தண்டவாளத்தில் ஒருபோதும் கொடுக்கலாகாது. அது உயிருக்கே ஆபத்து. செட்டுக்குரிய மின்மாற்றி வழியாகக் குறைந்த மின்னழுத்தமே செல்ல வேண்டும். சில நாடுகளின் மின்மாற்றிகள் 110 வோல்ட்டுக்கு மட்டும் உரியவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் அவை கருகிவிடும். அதில் எழுதியிருப்பதைப் படித்த பின்னரே செருகுங்கள். வண்டி திணறினால் மின்னிணைப்பை அகற்றி, கம்பிகளின் மேற்புறத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள்.

வட்டத்தில் வண்டி சீராக ஓடிய பிறகு, தென்மலைக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தைப் போல் அட்டையில் ஒன்று செய்து பாதையோரம் நிறுத்துங்கள். மீட்டர் கேஜில் மலையேறிய அனுபவத்தை வீட்டுப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வேறில்லை.

பிள்ளையை ஏசுமுன் தடத்தைப் பாருங்கள். அலமாரியின் மேல் உறங்கும் பெட்டியை இந்த விடுமுறையில் இறக்குங்கள். பிள்ளையோடு நீங்களும் தரையில் அமருங்கள்.