ஆபீஸுக்கும் மண் பாதைக்கும் ஒரே பைக்: எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டி வாங்குறீங்களா? இதைக் கவனிங்க!

வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை மண் பாதை. ரெண்டுக்கும் ஒரே வண்டி போதும் என்பதுதான் டூயல் ஸ்போர்ட் பைக். இந்தியாவில் 2011-ல் வந்த ஹீரோ இம்பல்ஸ் பெரிதாக எடுபடவில்லை. 2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200-தான் இந்த ஆசையைப் பலருக்கும் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவந்தது.

அதன் 21 இன்ச் முன் சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் சுலபமாக ஏறிக் கடக்கும். சீட் உயரம் 820 மி.மீ-க்கு மேல், சிக்னலில் கால் எட்டுதா என்று ஷோரூமிலேயே உட்கார்ந்து பாருங்க.

ஸ்போக் சக்கரம் அடி தாங்கும். ஆனால் உள்ளே ட்யூப். ஆணி குத்தினால் காற்று சட்டுனு இறங்கிடும், சக்கரத்தைக் கழற்றித்தான் ஆகணும். மாற்று ட்யூப், டயர் லீவர், பம்ப் இல்லாமல் ஆளில்லாத பாதைக்குப் போகாதீங்க.

பலர் கோட்டை விடுவது, மண்ணை விட்டுத் தார் ரோட்டில் ஏறும்போதுதான். மண்ணில் பிடிமானத்துக்காக டயர் காற்றைக் குறைப்பார்கள். அப்படியே வேகமாக ஓட்டினால் டயர் சூடாகும், வளைவில் வண்டி அலையும்.

ஏபிஎஸ்-ஸும் அப்படித்தான். இளகிய மண்ணில் லாக் ஆன சக்கரம் மண்ணை வாரிக் குவித்து வண்டியைச் சீக்கிரம் நிறுத்தும் என்பதால், சில மாடல்களில் அதை அணைத்து வைக்கும் வசதி உண்டு. ஈரமான தார் ரோட்டில் அணைத்தபடியே முன் பிரேக்கை அழுத்தினால் விழ வேண்டியதுதான். கட்டை கட்டையான ஆஃப்ரோடு டயர் என்றால் வழுக்கல் இன்னும் அதிகம்.

அதனால் ரோட்டில் ஏறும் முன் ரெண்டு நிமிஷம் வண்டியை ஓரம்கட்டுங்க. காற்றை அடிச்சு, ஏபிஎஸ்-ஸை ஆன் பண்ணிட்டுக் கிளம்புங்க.