சுவர் வியர்க்கிறதா? கம்ப்யூட்டரைக் கவனியுங்கள்!

மதுரைக்காரர்கள் கம்ப்யூட்டருக்காகப் பயப்படுவது சித்திரை வெயிலை நினைத்துத்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை வருகிறது. மாட்டுத்தாவணி பக்கம் தரைக்குக் கீழ்த்தளத்தில் ஏசி போட்டு டிடிபி சென்டர் நடத்துகிறீர்களா? மழைநாளில் ஏசியை அணைத்துக் கதவைத் திறந்த சற்று நேரத்தில் கான்கிரீட் சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கலாம்.

வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதன்மேல் பட்டாலும் அந்தக் காற்றிலுள்ள ஈரம் நீராகிவிடும். ஏசியில் 24 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரும் கேபினட்டும் அப்படித்தான் நனைகின்றன. குளிர் நாடுகளில் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வார்கள். அங்கே குளிர்காலத்தில் வெளிக்காற்றில் ஈரம் குறைவு. நம் ஊர் மழைக்காலத்தில் அதைச் செய்தால் ஈரத்தை நாமே வரவழைத்ததாகும்!

இது வியர்வையா, சுவருக்குள்ளிருந்து வரும் கசிவா? பெயிண்டருக்குப் பணம் கொடுக்கும் முன் இதைக் கண்டுபிடியுங்கள். சுவரின் ஒரு பகுதியைத் துடைத்துக் காயவைத்து, ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் வியர்வை. சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் கசிவு. சுவரில் உப்புப் பூத்திருந்தாலும் கசிவு என்றே சந்தேகப்படலாம். கசிவுக்குக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். வியர்வைக்கு வாட்டர் புரூஃப் பெயிண்ட் வீண் செலவு.

வியர்வைதான் என்றால் ஏசியை 26, 27 டிகிரியில் வையுங்கள். டிரை மோடு இருந்தால் மழைநாளில் அதுவே போதும். மேஜையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஸ்பைக் பஸ்டரைத் தரையில் போடாதீர்கள். சுவரில் உள்ள சுவிட்ச் போர்டே நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் சூடாக இருப்பதால் அதற்குள் நீர் படியாது. குளிர்ந்துபோய் அணைந்து கிடப்பதுதான் ஆபத்து. ஹார்ட் டிஸ்க்கின் விவரக் குறிப்பில் ஈரப்பத அளவோடு 'நீர் படியாத நிலையில்' என்ற நிபந்தனையும் இருக்கும். ஆகவே கேபினட் வியர்த்திருந்தால் பவர் பட்டனைத் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் காற்றில் முழுவதும் உலரட்டும். ஏசி அறையிலிருந்து லேப்டாப்பை வெளியே கொண்டுவந்தாலும் அவசரம் கூடாது. பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருந்து பிறகு எடுங்கள். ஈரம் படிவதென்றால் பையின்மேல் படியட்டும்.